சைக்கிள் ஓட்டக் கண்ணில் மாட்டும் கண்ணாடி வாங்கப் போகிறீர்களா? ஹெல்மெட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதக் காலை. கோவையிலிருந்து பொள்ளாச்சி ரோட்டில் கிணத்துக்கடவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் தேங்காய் மட்டை ஏற்றிய லாரி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆடியில் எப்படி அடிக்கும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வலப்பக்கமிருந்து வீசிய காற்றில் மட்டைத் துகள் ஒன்று, கன்னத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருந்த சந்தில் புகுந்து கண்ணில் விழுந்தது. பொள்ளாச்சியில் கண் டாக்டர் மரப்பு மருந்து விட்டு அதை எடுத்தார். கருவிழியில் கீறல். ஒரு வாரம் சொட்டு மருந்து, சைக்கிள் கூடாது.

அன்று நான் போட்டிருந்தது மட்டமான கண்ணாடி இல்லை. கறுப்பு லென்ஸ், யூவி (புற ஊதாக் கதிர்) பாதுகாப்பு எல்லாம் உள்ளதுதான். ஆனால் வெயிலை மட்டும் நினைத்து வாங்கியது. நான் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக இரும்புச் சுருள் பறக்கும் இடத்தில் நின்றும் என் கண்ணில் ஒன்றும் பட்டதில்லை. சேஃப்டி கண்ணாடி போடாமல் அங்கே யாரையும் மெஷினை ஓட்ட விடமாட்டேன். அந்தக் கவனம் ரோட்டிலும் வேண்டும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. சைக்கிள் கண்ணாடி முதலில் காற்றுக்கும் தூசிக்கும் பூச்சிக்கும். வெயில் அதற்கு அடுத்துத்தான். இப்போது எங்கள் சைக்கிள் குழுவில் யார் கண்ணாடி வாங்கப் போனாலும் கூடவே போகிறேன்.

கடைக்குப் போகும்போது ஹெல்மெட்டை எடுத்துப் போங்கள். முகம் பார்க்கும் கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று அழகு பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஹெல்மெட்டைப் போட்டு, பின்னால் உள்ள திருகை இறுக்கி, அதன்பிறகு கண்ணாடியை மாட்டுங்கள். ஹெல்மெட்டின் உள்வளையம் கண்ணாடிக் கையின் நுனியில் இடித்தால், இருபது கிலோமீட்டரில் காதுக்கு மேலே வலிக்க ஆரம்பிக்கும். அல்லது கண்ணாடி மூக்கை விட்டு மேலே எழும்பும். கண்ணாடிக் கை ஹெல்மெட் வாருக்கு வெளியே இருக்கட்டும். ஓடும்போதே ஒரு கையால் கழற்ற அதுதான் வசதி.

அடுத்து, ரோடு பைக்கின் வளைந்த ஹேண்டில்பாரில் கீழ்ப் பிடியைப் பிடித்திருப்பதுபோல இடுப்பை வளைத்துக் குனியுங்கள். கடைக்காரர் பார்க்கிறாரே என்று கூச்சப்பட வேண்டாம். குனிந்தபடியே தலையைத் தூக்காமல், கண்ணை மட்டும் உயர்த்தி எதிர்ச் சுவரைப் பாருங்கள். சாதாரணக் கூலிங் கிளாஸில் இங்கேதான் சிக்கல்: ஃப்ரேமின் மேல்விளிம்பு சரியாக ரோடு தெரிய வேண்டிய இடத்தில் குறுக்கே நிற்கும். அதைத் தவிர்க்கக் கழுத்தை உடைப்பதுபோல் நிமிர்த்திக்கொண்டே ஓட்டுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். லென்ஸ் புருவத்துக்கு மேல்வரை உயர்ந்திருக்க வேண்டும், அல்லது மேல்பக்கம் விளிம்பே இல்லாத மாடலாக இருக்க வேண்டும்.

பிறகு கடையில் டேபிள் ஃபேன் இருந்தால் முழு வேகத்தில் வைத்து அதன் முன்னால் நில்லுங்கள். முகத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். கண்ணில் நேராகக் காற்றுப் பட்டால் அந்தக் கண்ணாடி வேண்டாம். அதற்காக முகத்தோடு ஒட்டியதையும் எடுக்காதீர்கள். இமைமுடி லென்ஸில் உரசக் கூடாது. காற்று கொஞ்சமாவது உள்ளே ஓடவில்லை என்றால் மலையேற்றத்தில் ஆவி பிடித்துக்கொள்ளும். வால்பாறை ஏறும்போது வேகம் பத்துக்கும் கீழே இறங்கிவிடும், வேர்வை கொட்டும், மேலே போகப் போக மூடுபனி. லென்ஸின் மேலேயோ ஓரத்திலோ சின்னத் துளைகள் இருப்பது நல்லது. மூக்கு ரப்பர் வளைத்துச் சரிசெய்கிற மாதிரி இருக்கட்டும். நம்மில் பலருக்கு மூக்குத்தண்டு அகலம். வெளிநாட்டு அளவில் செய்த ஃப்ரேம் கன்னத்தில் உட்கார்ந்துவிடும். தலையைக் குனிந்து நன்றாக உதறுங்கள். நழுவினால் வேறு பாருங்கள்.

லென்ஸ் எதனால் ஆனது என்று கேளுங்கள். பாலிகார்பனேட் அல்லது டிரைவெக்ஸ் என்று பதில் வந்தால் சரி. கண்ணாடியாலேயே ஆன லென்ஸ் சைக்கிளுக்கு வேண்டவே வேண்டாம், விழுந்தால் உடைந்து கண்ணுக்குள் போகும். எங்கள் தொழிலில் சேஃப்டி கண்ணாடிக்கு இ.என். 166 என்று ஓர் ஐரோப்பியத் தரம் உண்டு. அதில் 'எஃப்' முத்திரை பெற, 6 மில்லிமீட்டர் எஃகு குண்டு நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் வந்து மோதினாலும் லென்ஸ் தாங்க வேண்டும். மணிக்கு 162 கிலோமீட்டர்! இறக்கத்தில் எதிரே வரும் வண்டு அதற்குமுன் எந்த மூலைக்கு? அதனால் புதிதாக ஓட்ட வருகிற பையன்களுக்கு நான் சொல்வது: பெரிய பிராண்டுக்குக் காசு சேரும்வரை காத்திருக்காதே. டூல்ஸ் கடையில் சில நூறு ரூபாய்க்கு, 'எஃப்' அல்லது அமெரிக்கத் தரமான 'இசட்87+' குறியிட்ட, முகத்தைச் சுற்றி வளைந்த சேஃப்டி கண்ணாடி ஒன்றை வாங்கி இன்றைக்கே மாட்டு. விடியலுக்கு முன் ஓட்ட நிறமில்லாததே போதும்.

இனி வெயில். லென்ஸின் கறுப்பும் யூவி தடுப்பும் வேறு வேறு. நிறமே இல்லாத பாலிகார்பனேட் யூவியை நன்றாகத் தடுக்கும். தெருவோரம் வாங்கும் கன்னங்கறுப்பு தடுக்காமலும் போகலாம். அப்படிப்பட்டது வெறுங்கண்ணைவிட மோசம், ஏனென்றால் இருட்டில் கண்ணின் பாவை விரிந்து யூவியை இன்னும் அதிகமாக உள்ளே விடும். 'யூவி 400' என்று போட்டிருந்தால் 400 நானோமீட்டர் வரை தடுக்கும் என்று பொருள். ஸ்டிக்கரை நம்ப மனமில்லையா? பட்டறையில் உலோகத்தில் வெடிப்புப் பார்க்க ஒரு 365 நானோமீட்டர் யூவி டார்ச் வைத்திருக்கிறேன். அதை ரூபாய் நோட்டின் மேல் அடித்தால் எண்கள் ஒளிரும். நடுவில் லென்ஸைப் பிடித்தால் அந்த ஒளிர்வு அணைய வேண்டும். டார்ச்சை யார் கண்ணுக்கும் நேரே பிடித்துவிடாதீர்கள்.

எவ்வளவு கறுப்பு வேண்டும் என்பதற்கு 0 முதல் 4 வரை வகை எண் இருக்கிறது. 0 என்றால் 80 சதவீதத்துக்கு மேல் வெளிச்சம் உள்ளே வரும். 3 என்றால் 8 முதல் 18 சதவீதம். நம் ஊர் பகல் வெயிலுக்கு இது. 4 பனிமலைக்கும் நடுக்கடலுக்கும் ஆனது, ரோட்டில் எந்த வண்டியும் அதைப் போட்டு ஓட்டக் கூடாது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவதில் லோம்ஸ் காட்சிமுனையில் கண் கூசும் வெளிச்சம். மேலே மரநிழலில் திரும்பினால் அரை இருட்டு. 3-ஆம் வகை மட்டும் போட்டு அங்கே இறங்கினால் நிழலுக்குள் இருக்கும் குழி தெரியாது. அந்தப் பாதைக்கு நான் 1, 2-ஆம் வகைகளில் ரோஸ் அல்லது தாமிர நிற லென்ஸ்தான் போடுகிறேன். தார்ச் சாலையின் மேடுபள்ளம் என் கண்ணுக்கு அதில் எடுப்பாகத் தெரிகிறது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், வெளிச்சத்துக்கேற்ப நிறம் மாறும் போட்டோகுரோமிக் வாங்குங்கள். ஐந்து மணிக்குக் கிளம்பிப் பத்து மணிக்குத் திரும்புகிறவருக்கு அதுவே சரி. ஆனால் மறுபடி வெளுக்கச் சில நிமிடம் பிடிக்கும், சூட்டில் முழுதாகக் கறுக்காது. முழுக் கறுப்பிலும் 2-ஆம் வகைக்கு மேல் போகாததை எடுத்தால் மலையிலும் பயமில்லை. பளபளப்பைக் குறைக்கும் போலரைஸ்டு லென்ஸ் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கார் ஓட்ட நல்லது. சைக்கிளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்: மழை விட்ட ரோட்டில் ஈரத்தின் பளபளப்பை அது மறைத்துவிடும், அந்தப் பளபளப்புதான் வழுக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். வேகம் காட்டும் சில சைக்கிள் மீட்டர்களின் திரையும் அதில் இருண்டு போகும்.

பவர் உள்ளவர்களுக்கு: நிறைய வளைந்த ஃப்ரேமில் பவர் போட்டால் ஓரத்தில் தரை சரிந்தாற்போலத் தெரியும். எனக்கு மைனஸ் இரண்டரை. வளைவு குறைந்த ஸ்போர்ட்ஸ் ஃப்ரேமில் பாலிகார்பனேட்டில் பவர் போட்டுக்கொண்டேன். பவர் கூடினவர்கள் உள்ளே மாட்டும் தனி லென்ஸ் வைத்த மாடலைப் பார்க்கலாம், ஆவி மட்டும் சீக்கிரம் பிடிக்கும்.

வாங்கியதைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள். எங்கள் பக்கத்து மட்டைத்தூளும் மண்ணும் லென்ஸை உப்புத்தாள் போல அறுக்கும். பாட்டில் தண்ணீரை ஊற்றித் தூசியை ஓடவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு துளி சோப்பு போட்டுக் கழுவி, பிறகு மென்துணி. தின்னர், பெட்ரோல் பக்கம் போகவே கூடாது, பாலிகார்பனேட் மயிரிழையாக வெடித்துவிடும். கீறல் விழுந்த லென்ஸ் எதிர்வெயிலில் முழுக்கக் கூசும், அதை மாற்றித்தான் ஆக வேண்டும். அதனால் லென்ஸும் மூக்கு ரப்பரும் தனியாகக் கிடைக்குமா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.