செம்மணலிலும் சரளிலும் பனை: கொட்டை முதல் வடலி வரை

குமரி மாவட்டத்தில் முட்டம் பக்கத்துச் செம்மணல் மேடோ, மேற்கே சரளைக்கல் நிறைந்த சரள் தரையோ, தென்னை தண்ணீருக்கு ஏங்கும் இடத்தில் பனை நிற்கும். அங்கே நட்டது வராமல் போனால் மண்ணைக் குறை சொல்லாதீர்கள். கொட்டை முளைக்கும் விதத்துக்கு இடம் கொடுத்தீர்களா என்று பாருங்கள்.

ஆடி, ஆவணியில் தானாக விழுந்த பழங்களையே பொறுக்குங்கள். ஒரு வாரம் நிழலில் குவித்து வைத்தால் சதை இளகும். கொட்டையைப் பிரித்து, சதையை வழித்து, அண்டாத் தண்ணீரில் போடுங்கள். நாரில் காற்று இருப்பதால் முதலில் நல்ல கொட்டையும் மிதக்கும். ஒரு ராத்திரி ஊறிய பிறகும் மிதப்பதை மட்டும் கழியுங்கள்.

10 அடிக்கு 10 அடி இடைவெளி விட்டால் ஏக்கருக்கு 435 குழி வரும். குழி ஓரடி ஆழம், ஓரடி அகலம் போதும். ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. குழியின் அடியில் கடப்பாரையை இறக்கி, இன்னும் ஒன்றரை அடிக்கு மண்ணைக் குத்தித் தளர்த்துங்கள். செம்மணலில் இந்த வேலை தேவையில்லை. சரளில் பலர் தோற்பது இங்கேதான்.

காரணம் இது. கொட்டையிலிருந்து முதலில் வருவது வேருமல்ல, ஓலையுமல்ல. வெளுத்த, விரல் பருமனான ஒரு குழல். அது நேராகக் கீழே இறங்கும். குருத்து அதன் நுனிக்குள் இருக்கிறது. ஓரடிக்கு மேல் இறங்கிய பிறகே அங்கே வேர்விட்டுக் கிழங்கு திரளும். ஓலை அங்கிருந்துதான் மேலே ஏறி வரும். கீழே பாறை தட்டினால் குழல் வளைந்து, கிழங்கு சூம்பிவிடும். முளைத்த கொட்டையை வெட்டினால் பஞ்சுபோல் இருக்கும் தவுண், கொட்டையின் சத்தை உறிஞ்சிக் குழல் வழியாகக் கீழே அனுப்பிக்கொண்டிருக்கும். அதனால் 'முளைத்ததா பார்ப்போம்' என்று கொட்டையைத் தூக்கினால் குழல் ஒடியும். அந்தக் கன்று அதோடு முடிந்தது.

நர்சரிப் பையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முக்கால் அடிப் பையில் குழல் அடியில் முட்டிச் சுருண்டுகொள்ளும். கொட்டையை நேரே நிலத்தில் போடுவதே சரி.

தோண்டிய மண்ணையே திரும்ப நிரப்பி, குழிக்கு 2 கொட்டை ஒரு சாண் தள்ளிப் படுக்க வையுங்கள். மேலே நாலு விரல் மண் போதும். எந்தப் பக்கம் கீழே என்று கவலை வேண்டாம், குழல் தானே கீழ்நோக்கித் திரும்பும். உரம் வேண்டாம். புரட்டாசிக்குள் முடித்தால் ஐப்பசி, கார்த்திகை மழை மற்றதைப் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு குழியிலும் ஒரு குச்சி நடுங்கள்; இல்லாவிட்டால் களை கொத்தும் மம்பட்டி கன்றை வெட்டிவிடும்.

தை வரைக்கும் மேலே எதுவும் தெரியாது. ஓலை தலைகாட்ட ஒரு வருஷம்கூட ஆகலாம். அந்த நாட்களில் எதிரி பன்றியும், பனங்கிழங்குக்குத் தோண்டும் கைகளும்தான். குழிமேல் உடைமுள் போட்டு, கல் பாரம் வையுங்கள். ஓலை வந்த பிறகு ஆடு கடித்தால் பயப்படாதீர்கள். குருத்து மண்ணுக்கடியில் இருப்பதால் மறுபடி தழைக்கும். ஆனால் திரும்பத் திரும்பக் கடித்தால் வடலி, அதாவது இளம்பனை, நோஞ்சானாகும், அதனால் முதல் மூன்று வருஷம் வேலி கட்டாயம்.

ஒரு குழியில் இரண்டும் வந்தால் பிடுங்காதீர்கள், கிழங்குகள் நெருங்கியே இருக்கும். ஆணா பெண்ணா என்பதும் பாளை விடும்வரை தெரியாது. அதற்கு 12 வருஷத்துக்கு மேலும் ஆகலாம். எதை வைத்துக்கொள்வது என்று அப்போது முடிவு செய்யுங்கள்.