பழைய கட்டடத்தை அளக்கும்போது டேப்பை நகர்த்தாதீர்கள்

ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் பழைய கட்டடத்தை அளந்து வரையப் போகும்போது, ஜன்னலுக்கு ஜன்னல் டேப்பைத் தூக்கி வைக்க வேண்டாம். சுவரின் ஒரு மூலையில் பூஜ்யத்தைப் பிடித்து, மறு மூலை வரை டேப்பை இழுத்துவிட்டு, கதவு, ஜன்னல், மாடம் ஒவ்வொன்றின் இரண்டு ஓரத்தையும் வரிசையாக வாசித்து எழுதுங்கள்: 0.85, 1.92, 3.40 என்று.

துண்டு துண்டாக அளந்தால், ஒவ்வொன்றிலும் வரும் 5 மில்லிமீட்டர் பிசகு ஒரே பக்கமாகச் சேர்ந்து 20 துண்டில் 10 சென்டிமீட்டர் ஆகிவிடலாம். 1:50 வரைபடத்தில் அது 2 மில்லிமீட்டர். கோடு மூலையில் சேராது. ஒரே பூஜ்யத்திலிருந்து எடுக்கும் தொடர் அளவில் பிசகு அந்த ஒரு எண்ணோடு நின்றுவிடும். அப்புறம் அறையின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்துவிடுங்கள். நாலு சுவரின் நீளம் மட்டும் அறையின் வடிவத்தைச் சொல்லாது. கீழக்கரைப் பழைய வீடுகளில் பார்வைக்குச் சதுரமான அறையும் கோணலாக இருக்கலாம்.

எல்லா இடத்திலும் இது நடக்காது. 1964 புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயம் மாதிரி வெட்டவெளியில், கடல்காற்றுக்கு நீண்ட டேப்பு வளைந்து ஆடும். அங்கே லேசர் மீட்டர்தான் சரி, அதுவும் வெயில் ஏறுமுன். உச்சி வெயிலில் சிவப்புப் புள்ளி கண்ணுக்கே தெரியாது. ராமேசுவரம் கோயில் பிரகாரத்துக்கோ 30 மீட்டர் டேப்பும் போதாது, இடையிடையே ஒரு தூணில் புதிதாகப் பூஜ்யம் வைக்க வேண்டும்.