ஆய்வகப் பயிற்சியும் பட்டப்படிப்பும்: கல்லூரிப் பழக்கம் காலை வாரும் இடங்கள்

போன வாரம் எங்கள் மருந்து கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு (க்யூசி) லேபில் ஒரு பையன் கையுறை மேல் 24.60 என்று பேனாவால் எழுதிக்கொண்டிருந்தான். பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம். காலையில் கல்லூரி, மதியம் 2 மணியிலிருந்து எங்களிடம் அப்ரண்டிஸ். என்னப்பா இது என்றேன். "ப்யூரெட் ரீடிங் சார், டேபிளுக்குப் போய் நோட்டில் ஏத்திக்குவேன்" என்றான். ப்யூரெட் என்றால் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் கண்ணாடிக் குழாய். 14 வருடத்துக்கு முன்னால் நானும் இதே போல ஓர் அப்ரண்டிஸாக நின்று இதே வேலையைத்தான் செய்தேன். அதற்கு இன்னொருவர் விலை கொடுத்தார்.

கண்ணாடி போடுவது, ஆசிட்டைத் தண்ணீரில் ஊற்றுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. முதல் நாளே சொல்லித்தந்துவிடுவார்கள். படித்துக்கொண்டே பயிற்சி எடுப்பவர்கள் ஒரே நாளில் இரண்டு ஆய்வகங்களில் நிற்கிறார்கள். காலையில் மதிப்பெண் வாங்கித்தரும் பழக்கம் மதியம் குற்றமாகிவிடுகிறது. நான் சொல்ல வந்தது அதைத்தான்.

முதலில் துண்டுச்சீட்டு, அப்புறம் நோட்டு

கல்லூரியில் அப்சர்வேஷன் நோட்டு கிறுக்கலாக இருந்தால் யாரும் கேட்பதில்லை. வீட்டில் உட்கார்ந்து அழகாகப் படியெடுக்கும் ரெக்கார்டு நோட்டுக்குத்தான் மதிப்பெண். ப்யூரெட்டில் அளந்து செய்யும் டைட்ரேஷனில் 18.3, 18.5 என்று வந்தால் இரண்டையும் 18.4 ஆக்கி "கன்கார்டன்ட் வேல்யூ" (ஒத்துப்போகும் அளவு) என்று எழுதச் சொல்லித்தர சீனியர்கள் இருக்கிறார்கள். செய்முறைத் தேர்வில் பிழை சதவீதத்தைப் பார்த்து மதிப்பெண் போடுவதால், பக்கத்து டேபிளில் விடையைக் கேட்டுவிட்டு ரீடிங் எழுதுபவர்களும் உண்டு.

மருந்து கம்பெனியில் எல்லாம் தலைகீழ். எண் முதலில் எந்தத் தாளில் விழுகிறதோ அந்தத் தாள்தான் ஆவணம். ஒர்க்‌ஷீட்டைப் பக்க எண் போட்டு தர உறுதிப் பிரிவான க்யூஏ கொடுக்கும். யார் செய்தது என்று தெரியவேண்டும், படிக்கும்படி இருக்கவேண்டும், செய்த நேரத்திலேயே எழுதியிருக்கவேண்டும், மூலப்பதிவாக இருக்கவேண்டும், சரியாக இருக்கவேண்டும். இந்த ஐந்தையும் சேர்த்து ஆல்கோவா என்பார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் 21 சிஎஃப்ஆர் 211.194 விதி, சோதனையில் கிடைத்த தரவு முழுவதும் பதிவில் இருக்கவேண்டும் என்கிறது. முழுவதும் என்றால் சிந்தியது, தப்பிப்போனது எல்லாமும்தான்.

என் கதை இது. ஒரு மூலப்பொருளுக்கு அஸ்ஸே, அதாவது அது எத்தனை சதவீதம் இருக்கிறது என்று பார்க்கும் சோதனை, போட்டுக்கொண்டிருந்தேன். எடை போடும் பேலன்ஸின் பிரிண்டரில் பேப்பர் ரோல் தீர்ந்துவிட்டது. போய் வாங்கிவரச் சோம்பல்பட்டு எடைகளை ஒரு ஃபில்டர் பேப்பரில் குறித்துப் பாக்கெட்டில் வைத்தேன். மறுநாள் மாடல் எக்ஸாம். இரவு 10 மணி கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். ஒர்க்‌ஷீட் வெறுமையாகக் கிடந்தது. தேர்வு முடிந்து மூன்றாம் நாள் வந்து பார்த்தால் கோட் சலவைக்குப் போயிருந்தது, ஃபில்டர் பேப்பரும் அதோடு போய்விட்டது. எண்கள் நினைவில் இருப்பதாக நம்பினேன். மூன்று எடைகளையும் எழுதி, பழைய தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். எனக்குச் சொல்லிக்கொடுத்த சீனியர் அண்ணன், என்மேல் இருந்த நம்பிக்கையில் "சரிபார்த்தது" என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

ரிவ்யூ செய்தவர் பேலன்ஸ் லாக்புக்கை எடுத்து வைத்துப் பார்த்தார். அதில் நான்கு முறை எடை போட்டதாக இருக்கிறது, என் தாளில் மூன்றுதான். நான்காவது எங்கே? உண்மையில் ஒருமுறை தட்டில் பவுடர் சிந்தியதால் அதை ஒதுக்கிவிட்டு மறுபடி எடுத்திருந்தேன். "சிந்தியது, மறு எடை" என்று அப்போதே ஒரு வரி எழுதியிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். எழுதாததால், தோற்றுப்போன ஒரு முடிவை மறைத்தேன் என்றுதான் அதைப் படிக்க முடியும். மறைக்கவில்லை என்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

சோதனை செல்லாது என்று ஆனது. சரக்கு ஹோல்டில் போனது, உற்பத்தி நின்றது. மூன்று மாதமாக நான் எழுதிய தாள்களையெல்லாம் தோண்டினார்கள். அந்த அண்ணனுக்கு மெமோ, அந்த வருட இன்க்ரிமென்ட் நின்றது. "நீ பொய் எழுதலடா, எனக்குத் தெரியும். ஆனா அதை நான் எதை வெச்சுக் காட்டுவேன்?" என்றார். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இன்னும் ஆறவில்லை. என்மேல் கோபம் உண்டு. மூன்று வருடமும் பிள்ளைகளைப் படியெடுக்கவே பழக்கி அனுப்பும் முறைமேல் அதைவிட அதிகம் கோபம் உண்டு. கல்லூரி ஆசிரியர் யாரைப் பார்த்தாலும் அப்சர்வேஷன் நோட்டுக்கு மதிப்பெண் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஒர்க்‌ஷீட்டைப் பேலன்ஸுக்கே, ப்யூரெட்டுக்கே கொண்டுபோங்கள். தப்பாக எழுதிவிட்டால் ஒற்றைக்கோடு போட்டு அடியுங்கள். பழைய எண் தெரியவேண்டும். பக்கத்தில் சரியான எண், கையெழுத்து, தேதி, காரணம். ஒயிட்னர் கூடாது, எண்ணின் மேலேயே எண் எழுதக்கூடாது. வேறு எங்காவது குறித்துவிட்டீர்களா? உடனே வாயைத் திறந்து சொல்லுங்கள், அந்தச் சீட்டைக் காரணத்தோடு தாளில் இணையுங்கள். அந்தப் பையன் விஷயத்தில் ப்யூரெட் இன்னும் கழற்றாமல் இருந்தது. நானே போய் ரீடிங் பார்த்தேன், நடந்ததைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். ஐந்து நிமிட வேலை.

ஃபிளாஸ்க்கைக் கழுவிவிட்டுக் கிளம்புவது

கல்லூரியில் டேபிளைத் துடைத்துவிட்டுப் போனால் நல்ல பிள்ளை. இங்கே கணக்குப் போட்டு, சரிபார்த்து முடியும்வரை ஒரு கரைசலையும் கொட்டக்கூடாது. முடிவு வரம்புக்கு வெளியே போய்விட்டால், அதாவது ஓஓஎஸ் வந்துவிட்டால், விசாரணையில் முதலில் கேட்பது அந்தக் கரைசலைத்தான். நீர்த்தது (டைல்யூஷன்) தப்பா, கருவிக்குள் செலுத்திய இன்ஜெக்‌ஷன் தப்பா என்று அதை வைத்துத்தான் பார்க்க முடியும். கழுவிவிட்டால் லேப் பிழையா, மருந்தின் பிழையா என்று பிரிக்க வழியில்லாமல் போகும்.

பஃபரோடு ஹெச்பிஎல்சியை நிறுத்துவது

ஹெச்பிஎல்சி என்பது கரைசலைப் பம்ப் செய்து அதிலுள்ள பொருட்களைப் பிரித்து அளக்கும் கருவி. நாளைக்கு இன்டர்னல் இருக்கிறது என்று அவசரமாகக் கிளம்புகிறவர்கள் செய்வது இது. பாஸ்பேட் பஃபர் என்ற உப்புக் கரைசல் பம்பிலும், பொருட்களைப் பிரிக்கும் குழாயான காலம் (column) உள்ளேயும் நின்றால் உப்பு படியும், பம்ப் சீல் போகும். பஃபரிலிருந்து நேராகச் சுத்த அசிட்டோநைட்ரைலுக்கு மாற்றினாலும் உப்பு உள்ளேயே இறங்கும். முதலில் 5 அல்லது 10 சதவீதம் ஆர்கானிக் சால்வென்ட் கலந்த தண்ணீர், அரைமணி நேரமாவது. அதற்கப்புறம்தான் ஸ்டோரேஜ் சால்வென்ட். இந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துவிட்டு ரன்னைத் தொடங்குங்கள்.

புரிந்ததுபோலத் தலையாட்டுவது

வேண்டாம். திரும்பக் கேளுங்கள்.

ஒப்பந்தத்தைப் பார்க்காமல் சேர்வது

1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் போட்டு, அது அரசுப் போர்ட்டலில் பதிவாகவேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதே சட்டம் அப்ரண்டிஸைப் பயிற்சியாளர் என்கிறது, தொழிலாளி என்று சொல்லவில்லை. பயிற்சி முடிந்தால் வேலை தானாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். யுஜிசி 2020இல் வழிகாட்டுதல் வெளியிட்ட, பயிற்சியும் சேர்ந்த பட்டப்படிப்பு என்றால் லேபில் செய்யும் வேலைக்கு கிரெடிட் உண்டு. அதை யார் கணக்கிடுவார்கள் என்று கல்லூரியில் எழுத்தில் கேளுங்கள். அப்படி இல்லாத படிப்பு என்றால் வருகைப்பதிவு உங்கள் தலைவலி.

இரவு ஷிப்ட் முடித்து நேராகத் தேர்வறைக்கு

போகாதீர்கள்.

தேர்வுத் தேதியைக் கடைசி நாளில் சொல்வது

மருந்து எவ்வளவு நாள் கெடாமல் இருக்கும் என்று பார்க்க வைக்கும் ஸ்டெபிலிட்டி சாம்பிள் 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்தில் உட்கார்ந்திருக்கும். மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் என்று எடுக்கும் தேதி முன்கூட்டியே குறித்தது. எடுத்தபின் குறித்த நாட்களுக்குள் சோதனை முடியவேண்டும். உங்கள் செமஸ்டருக்காக அது தள்ளிப்போகாது. அட்டவணை கையில் கிடைத்த அன்றே பொறுப்பாளரிடம் ஒரு நகல் கொடுங்கள். செய்முறைத் தேர்வுத் தேதி மட்டும் பேட்ச் பேட்ச்சாகப் பிரித்துத் தாமதமாகத்தான் வரும். அதையும் அப்போதே சொல்லிவையுங்கள், உங்கள் சாம்பிளை எடுத்துச் செய்ய வேறொருவரை எழுதி வைத்துக்கொள்வார்கள்.