விரியன் கடித்தவரின் இரத்தம் உறைகிறதா: 20 நிமிடச் சோதனையைச் சரியாகச் செய்யும் முறை

கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடித்த ஒருவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு வரும்போது, விஷம் அவருடைய இரத்தத்தைத் தாக்கிவிட்டதா என்பதை அங்கேயே அறிந்துகொள்ளப் பெரிய ஆய்வகம் எதுவும் தேவையில்லை. ஒரு கண்ணாடிச் சோதனைக்குழாயும் ஒரு கடிகாரமும் போதும். அதே எளிமையால்தான் இந்தச் சோதனை பல இடங்களில் அலட்சியமாகச் செய்யப்பட்டுத் தவறான முடிவையும் தருகிறது. இதன் ஒவ்வொரு படிக்கும் பின்னால் இரத்தத்தில் உள்ள ஒரு மூலக்கூற்றின் செயல் இருக்கிறது. அந்தச் செயலைப் புரிந்துகொண்ட செவிலியரோ ஆய்வகப் பணியாளரோ படிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நலமாக உள்ள ஒருவரின் 100 மி.லி. பிளாஸ்மாவில் (இரத்தத்தின் திரவப் பகுதியில்) ஏறத்தாழ 200 முதல் 400 மில்லிகிராம் வரை ஃபைப்ரினோஜன் என்னும் புரதம் கரைந்திருக்கிறது. இரத்தக் குழாய் கிழிந்தால் தட்டணுக்கள் அங்கே ஒட்டிக்கொள்கின்றன. உறைதல் காரணிகள் ஒன்றையொன்று தூண்டி, இறுதியில் புரோத்ராம்பின் என்னும் புரதத்தை த்ராம்பின் என்னும் நொதியாக மாற்றுகின்றன. த்ராம்பின் ஃபைப்ரினோஜனின் சிறு துண்டுகளை வெட்டி நீக்கியதும், எஞ்சிய பகுதிகள் ஒன்றோடொன்று இணைந்து ஃபைப்ரின் இழைகளாகின்றன. பதின்மூன்றாம் காரணி அந்த இழைகளைக் குறுக்கே பிணைத்து உறுதியாக்குகிறது. இந்த வேலை காயத்தின் எல்லையைத் தாண்டாதபடி ஆன்டித்ராம்பின், புரதம் சி, புரதம் எஸ் ஆகியவை காவல் நிற்கின்றன. காயம் ஆறும் காலத்தில் பிளாஸ்மினோஜன் பிளாஸ்மினாக மாறி இழைகளை அறுத்துக் கரைக்கிறது. அப்போது வெளிப்படும் துண்டுகளில் ஒன்றைத்தான் ஆய்வக அறிக்கையில் டி-டைமர் என்று காண்கிறோம்.

விரியனின் விஷம் இந்த ஒழுங்கின் நடுவில் புகுந்துவிடுகிறது. கண்ணாடி விரியன் விஷத்தில் உள்ள ஒரு நொதி பத்தாம் காரணியையும், மற்றொரு நொதி ஐந்தாம் காரணியையும் நேரடியாகத் தூண்டிவிடுகின்றன. சுருட்டை விரியனின் விஷத்தில் உள்ள எக்காரின், அவற்றையும் தாண்டி, புரோத்ராம்பினையே நேராகத் தூண்டுகிறது. காயமே இல்லாத இடங்களிலும், உடல் முழுவதும், த்ராம்பின் உருவாகி ஃபைப்ரினோஜனைச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது. உருவான இழைகளை பிளாஸ்மின் உடனுக்குடன் கரைக்கிறது. சில மணி நேரத்துக்குள் உறைவதற்கு வேண்டிய மூலப்பொருளே இரத்தத்தில் இல்லாமல் போய்விடுகிறது. இரத்தம் உறையாமல் போவதற்குக் காரணம் அது அளவுக்கு மீறி உறைந்து தீர்ந்துவிட்டதே என்ற இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்வரும் சிகிச்சை முடிவுகள் யாவும் தெளிவாகும். (கண்ணாடி விரியனின் இதே விஷத்தை நீர்த்த கரைசலாக்கி, இரத்தம் எளிதில் உறையாத பரம்பரை நோயான ஹீமோபிலியா உள்ளவர்களின் காயத்தின் மேல் தடவி இரத்தக்கசிவை நிறுத்தலாம் என்று 1934இல் இங்கிலாந்தில் மேக்ஃபர்லேனும் பார்னெட்டும் காட்டினார்கள். காயத்தின் மேல் இடும் ஒரு துளி மருந்தாகிறது. இரத்த ஓட்டத்தில் கலந்த அதே பொருள் உயிருக்கே ஆபத்தாகிறது.)

சோதனைக்குப் புதிய, உலர்ந்த, சாதாரணக் கண்ணாடிக் குழாயையே எடுக்க வேண்டும். கண்ணாடியின் மேற்பரப்பில் உள்ள எதிர்மின்னூட்டம் பன்னிரண்டாம் காரணியைத் தூண்டித்தான் குழாய்க்குள் உறைதலைத் தொடங்கி வைக்கிறது. பிளாஸ்டிக் குழாயில் இந்தத் தூண்டல் சரிவர நிகழாது. சோப்புத் தூளோ வேறு சலவைப் பொருளோ கொண்டு கழுவிய கண்ணாடியும் அந்த ஆற்றலை இழந்திருக்கும். ஆகவே கழுவி வைத்த பழைய குழாயில் நலமானவரின் இரத்தம்கூட உறையாமல் நின்று, தேவையற்ற விஷமுறிவு மருந்துக்கு வழிவகுக்கலாம். ஊதா மூடியுள்ள குழாயையும் நீல மூடியுள்ள குழாயையும் தொடவே கூடாது. முன்னதில் உள்ள ஈ.டி.டி.ஏ.வும் பின்னதில் உள்ள சிட்ரேட்டும், உறைதலுக்கு இன்றியமையாத கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், அவற்றில் எவருடைய இரத்தமும் உறையாது.

இரத்தம் எடுக்கும்போது, கடிபடாத கையின் முழங்கை மடிப்பில் உள்ள சிரையை ஒரே குத்தில் பிடிக்க முயல வேண்டும். பலமுறை குத்தித் துழாவினால், திசுக்களில் உள்ள, உறைதலைத் தூண்டும் திசுக் காரணி ஊசிக்குள் கலந்து, உறையாத இரத்தத்தையும் ஓரளவு உறையச் செய்து ஏமாற்றிவிடும். கழுத்து, தொடை இடுக்கு போன்ற, அழுத்திப் பிடித்து இரத்தத்தை நிறுத்த இயலாத இடங்களில் ஊசி இடக்கூடாது. 2 மி.லி. இரத்தத்தை நுரைக்காமல் குழாயின் சுவர் வழியே மெதுவாக இறக்கி, குழாய்த் தாங்கியில் நேராக நிறுத்தி, அந்த நொடியே நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் 20 நிமிடங்கள் அறை வெப்பத்தில் எவரும் குழாயைத் தொடக்கூடாது. இடையில் எடுத்து ஆட்டிப் பார்ப்பது மிகப் பரவலான தவறு. அப்போதுதான் பின்னத் தொடங்கிய ஃபைப்ரின் வலை அந்த ஆட்டத்தில் அறுந்துபோகும். நேரத்தைக் கணிப்பில் விடாமல், கைப்பேசியில் அலாரம் வைப்பதை நான் வலியுறுத்துவேன். நோயாளிகள் நிறைந்த இரவில் 20 நிமிடம் என்பது எளிதில் 10 நிமிடமாகவோ 40 நிமிடமாகவோ மாறிவிடுகிறது.

இருபதாவது நிமிடத்தில் குழாயை ஒரே ஒரு முறை சாய்க்க வேண்டும். இரத்தம் கட்டியாக நின்றால் உறைந்துவிட்டது என்று பொருள். நீராக ஓடினால் விஷம் வேலை செய்துவிட்டது என்று கொண்டு உடனே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு பகுதி கட்டியாகவும் ஒரு பகுதி நீராகவும் இருந்தால் அதை உறைந்த கணக்கில் சேர்க்கக் கூடாது. குழாயின் மேல் ஐயம் எழுந்தால், நலமான ஒருவரின் இரத்தத்தை அதே வகைக் குழாயில் ஊற்றி ஒப்பிட்டுப் பார்ப்பதே சரியான வழி.

முதல் சோதனையில் உறைந்துவிட்டது என்பதற்காக நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. கடிவாயிலிருந்து விஷம் மெல்ல மெல்லக் கலப்பதால் ஃபைப்ரினோஜன் தீர்வதற்குச் சில மணி நேரம் பிடிக்கலாம். அதனால் முதல் சில மணி நேரம் அடிக்கடியும், பின்னர் ஒரு நாள் முழுவதும் இடைவெளி விட்டும் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். மேலும், இந்தச் சோதனை கடுமையான பாதிப்பையே நன்கு காட்டும். இதை மட்டும் நம்பியதால் விஷமுறிவு மருந்து தாமதமானதை இலங்கை மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு எடுத்துக்காட்டியிருக்கிறது. ஆகவே ஈறில் கசிவு, சிறுநீரில் இரத்தம், கடிவாயில் நிற்காத ஒழுக்கு ஆகியவை தென்பட்டால் குழாயின் முடிவுக்காகக் காத்திருக்கலாகாது. ஆய்வக வசதி உள்ள இடத்தில், இரத்தம் உறைய ஆகும் நேரத்தை இயல்போடு ஒப்பிட்டுக் காட்டும் ஐ.என்.ஆர். என்னும் அளவு 1.2க்கு மேல் சென்றாலே இயல்புக்கு மாறானதாகக் கொள்ள வேண்டும். டி-டைமர் மிகவும் உயர்ந்திருப்பது, இழைகள் உருவாகி உருவாகிக் கரைகின்றன என்பதற்குச் சான்றாகும். ஆனால் கர்ப்பத்திலும் தொற்றுகளிலும் அது உயரக்கூடும் என்பதால், அதைத் தனியாக வைத்து முடிவு சொல்லக்கூடாது.

விஷமுறிவு மருந்து என்பது குதிரைகளின் உடலில் உருவான எதிர்ப்புரதங்கள். அதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துத் தருவதில், 1978இல் தொடங்கப்பட்டு வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இந்த மருந்து இரத்தத்தை உறைய வைப்பதில்லை. விஷத்தைப் பிடித்துச் செயலிழக்கச் செய்கிறது, அவ்வளவே. தன்னிச்சையான கசிவு பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடங்களில் நின்றுவிடும். ஆனால் தீர்ந்துபோன ஃபைப்ரினோஜனையும் மற்றக் காரணிகளையும் கல்லீரல்தான் புதிதாக உற்பத்தி செய்ய வேண்டும் என்பதால், குழாயில் இரத்தம் மீண்டும் உறைவதற்கு 3 முதல் 9 மணி நேரம் ஆகலாம். மருந்து கொடுத்து 6 மணி நேரம் கழித்துச் சோதனையைத் திரும்பச் செய்யச் சொல்வது இதனால்தான். ஒரு மணி நேரத்தில் சோதித்து, இன்னும் உறையவில்லை என்று பதறி மேலும் குப்பிகளை ஏற்றுவதில் பயனில்லை. 6 மணி நேரத்துக்குப் பிறகும் நீராகவே ஓடினால் மறு அளவு தேவை. குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு மருந்துதான், ஏனெனில் பாம்பு செலுத்தும் விஷம் ஆளின் எடையைப் பார்ப்பதில்லை. ஒவ்வாமை எந்த நொடியும் வரலாம் என்பதால் அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருக்க வேண்டும்.

விஷத்தை முறிக்காமல் பிளாஸ்மாவை மட்டும் ஏற்றினால், புதிதாக வந்த ஃபைப்ரினோஜனையும் விஷம் செலவழித்துவிடும். ஹெப்பாரின் கொடுத்து உறைதலைத் தடுக்கலாம் என்ற எண்ணமும் பயன் தரவில்லை. வலிக்கு ஆஸ்பிரினோ டைக்ளோஃபெனாக்கோ கொடுத்தால் தட்டணுக்களும் செயலிழந்து, எஞ்சியிருந்த ஒரே தடுப்பும் போய்விடும், பாராசிட்டமால் போதுமானது. தசையில் ஊசி போடுவதை, டெட்டனஸ் தடுப்பூசி உட்பட, இரத்தம் உறையத் தொடங்கும் வரை தள்ளிவைக்க வேண்டும். கடித்த இடத்தைக் கீறுவதும் அதே காரணத்தால் மிகவும் கேடானது: உறைய வழியில்லாத இரத்தத்துக்கு நாமே கதவு திறந்துவிட்டவர்களாவோம். வீட்டார் செய்யத்தக்கது, கட்டு இறுக்காமல் அந்தக் கை காலை அசையாமல் வைத்து, 108ஐ அழைத்து, கடித்த நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவருவது. அந்தத் தாளின் கீழேயே முதல் குழாயின் நேரத்தையும் முடிவையும், விஷமுறிவு மருந்து கொடுத்த நேரத்தையும் செவிலியர் எழுதிவைத்தால், பெரிய மருத்துவமனைக்கு மாற்றும்போது அடுத்த மருத்துவர் ஆறு மணி நேரத்தை எங்கிருந்து எண்ணுவது என்று தேட வேண்டியிராது.