மாங்கூழ் ஆலையில் பார்த்த வேலையையும் ரெஸ்யூமில் எழுதுங்கள்

மாங்கூழ் ஆலையில் சீசன் வேலை பார்த்திருந்தால் அதை ரெஸ்யூமில் கட்டாயம் எழுதுங்கள். நம் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பிள்ளைகள் பலர் விட்டுவிடுவது இதைத்தான். கேட்டால், "அது சும்மா லீவுல போனதுங்க அக்கா" என்பார்கள்.

என் சொந்த ஊர் காவேரிப்பட்டணம். ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். என் மேசைக்கு வரும் ரெஸ்யூம்களில் பல ஒரே அச்சில் இருக்கும். மேலே 'சவாலான சூழலில் பணியாற்ற விரும்புகிறேன்' என்று ஒரு குறிக்கோள். நடுவே 'கடின உழைப்பாளி, குழுவாக இயங்குபவர்'. கீழே கிரிக்கெட், பாட்டு கேட்பது, கடைசியில் ஓர் உறுதிமொழி. ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் ஃபைலில் பெயரையும் மார்க்கையும் மட்டும் மாற்றித் தருகிறார்கள். அதைப் படித்து எந்தப் பிள்ளையைக் கூப்பிடுவது?

கடைக்குப் போகும் முன் வீட்டில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதுங்கள். ரெஸ்யூம் ஆங்கிலத்தில்தான் போக வேண்டும். ஆனாலும் முதலில் தமிழில் எழுதினால்தான் நிஜமாகச் செய்தது வெளியே வரும். என்ன செய்தேன், எந்தக் கருவியில் அல்லது எந்தப் பதிவேட்டில் செய்தேன், ஒரு ஷிஃப்ட்டுக்கு எவ்வளவு, யார் மேற்பார்வை. ஒவ்வொரு வேலைக்கும் இந்த நாலும் போதும்.

போச்சம்பள்ளிப் பக்கத்துத் தம்பி ஒருவர், சீசனில் 'பெங்களூரா' மாங்காய் லாரிகளுக்கு எடைச்சீட்டு எழுதியவர். அவர் கொண்டுவந்த ரெஸ்யூமில் 'அனுபவம்: இல்லை' என்று இருந்தது. உட்காரவைத்துக் கேட்டேன். இரவு ஷிஃப்ட் பார்த்திருக்கிறார். காலி லாரி எடை, சரக்கு லாரி எடை இரண்டையும் பதிந்து கழித்து நிகர எடை போட்டிருக்கிறார். கணக்கு இடித்தால் சூப்பர்வைசரிடம் அன்றைக்கே பேசித் தீர்த்திருக்கிறார். எங்கள் ஸ்டோர்ஸில் தேவைப்படுவது அப்படிப்பட்ட ஆள்தான். 'மே முதல் ஜூலை வரை, மாங்கூழ் ஆலை, எடைமேடைப் பதிவு, இரவு ஷிஃப்ட்' என்று ஒரே வரி சேர்த்தோம். அந்த வரியைப் பார்த்தால் எந்த ஸ்டோர்ஸ் பொறுப்பாளரும் நாலு கேள்வி கேட்பார். கேள்வி வந்துவிட்டால் அந்தத் தம்பிக்குப் பேச விஷயம் இருக்கிறது.

பாலக்கோடு, ராயக்கோட்டை தக்காளி மண்டியில் கணக்கு எழுதியதும் இப்படித்தான். பால் சொசைட்டியில் கொழுப்பு அளவு பார்த்துப் பதிந்தது, வீட்டில் பட்டுப்புழு வளர்ப்பில் வெப்பமும் ஈரப்பதமும் குறித்துவைத்தது, எல்லாமே வேலைதான். ஆனால் செய்யாததைச் சேர்க்காதீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

ஐடிஐ, டிப்ளமோ முடித்தவர்கள் 'சிஎன்சி தெரியும்', அதாவது கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் மெஷின் தெரியும், என்று நிறுத்திவிடுகிறார்கள். எவ்வளவு தெரியும் என்பதுதான் எங்களுக்கு வேண்டும். லோடு, அன்லோடு மட்டுமா? இன்செர்ட் (வெட்டும் முனை) மாற்றுவீர்களா? டூல் ஆஃப்செட் (டூல் அளவுக்கான திருத்தம்) கொடுப்பீர்களா? புரோகிராமில் கை வைப்பீர்களா? மெஷினில் இருந்த கண்ட்ரோல் எந்தக் கம்பெனியுடையது, ஃபானுக்கா, சீமென்ஸா? லோடிங் மட்டும் தெரிந்தால் அப்படியே எழுதுங்கள், அதற்கும் ஆள் தேவைப்படுகிறது. வெர்னியர், மைக்ரோமீட்டர் என்று எழுதியவரிடம் லீஸ்ட் கவுண்ட், அதாவது அந்தக் கருவியில் அளக்க முடிகிற மிகச் சிறிய அளவு, கேட்பார்கள். வழக்கமான வெர்னியருக்கு 0.02 மில்லிமீட்டர், மைக்ரோமீட்டருக்கு 0.01. இது வாயில் வராவிட்டால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். அரியர் இருந்தால் எத்தனை பேப்பர் என்று எழுதிவிடுங்கள். நாங்கள் சர்டிபிகேட் பார்க்காமல் சேர்ப்பதில்லை.

அடுத்து, கான்ட்ராக்டில் வேலை பார்த்தவர்களுக்கு. பெரிய பிளான்ட்டுக்குள் வேலை செய்திருப்பீர்கள், சம்பளம் போட்டது ஒரு கான்ட்ராக்டர். ரெஸ்யூமில் பிளான்ட் பெயர் மட்டும் இருக்கும், பிஎஃப் பாஸ்புக்கில் கான்ட்ராக்டர் பெயர் இருக்கும். சேரும் நாளில் உங்கள் பிஎஃப்புக்கான 12 இலக்க யுஏஎன் எண்ணைப் போட்டுப் பார்க்கும்போது இரண்டும் ஒத்துவராமல், உண்மையாக வேலை பார்த்த பிள்ளையே பொய் சொன்னவர் போல நிற்க வேண்டிவரும். எனக்கு மனசு கஷ்டமாக இருப்பது அப்போதுதான். 'இன்ன கான்ட்ராக்டர் மூலம், இன்ன கம்பெனி அசெம்பிளி லைனில்' என்று இரண்டு பெயரையும் எழுதுங்கள். சேர்ந்த மாதம், விலகிய மாதம் இரண்டையும் பாஸ்புக்கைப் பார்த்தே போடுங்கள். இடையில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, நிலத்து வேலை என்று வீட்டில் இருந்திருந்தால் அதையும் ஒரு வரியில் சொல்லலாம், தப்பே இல்லை.

பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும், இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பது உட்பட. ஆனால் ஆதார் எண்ணை ரெஸ்யூமில் போடவே கூடாது. அந்தத் தாள் எத்தனை கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது. சாதி, மதம், அப்பா பெயர், கல்யாணம் ஆனதா என்பதெல்லாம் வேண்டாம், விண்ணப்பப் படிவத்தில் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். முகவரிக்கு ஊரும் வட்டமும் போதும். அதன் பக்கத்திலேயே 'ஓசூரில் தங்கத் தயார்' அல்லது 'கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் வர முடியும்' என்று எழுதுங்கள். பென்னாகரம், அரூர் என்று பார்த்ததும் இவ்வளவு தூரத்திலிருந்து எப்படி வருவார் என்று ஒதுக்கிவைப்பவர்கள் உண்டு.

மொழியை விட்டுவிடாதீர்கள். பர்கூர், வேப்பனப்பள்ளிப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், தளிப் பக்கம் கன்னடம். கல்லூரியில் படிக்காத மொழி என்பதால் எழுதுவதில்லை. பெங்களூரு வாடிக்கையாளரிடம் பேச, லைனில் பல மாநில ஆட்களிடம் வேலை வாங்க, அது பெரிய பலம். பேச மட்டும் தெரியும் என்றால் 'பேசுவேன்' என்றே போடுங்கள்.

ஃப்ரெஷருக்கு ஒரு பக்கம் போதும். கட்டம், இரண்டு பத்தி அமைப்பு, வண்ணப் பட்டை வேண்டாம், இணையதளத்தில் ஏற்றும்போது சில மென்பொருள்கள் அதைக் குழப்பிப் படிக்கும். பிடிஎஃப் ஆக்கி, உங்கள் பெயரையும் வேலையின் பெயரையும் ஃபைலுக்கு வையுங்கள். ஜெராக்ஸ் கடையில் அந்த வேர்டு ஃபைலையும் கேட்டு வாங்கி உங்கள் மெயிலுக்கே அனுப்பிவையுங்கள், அடுத்த கம்பெனிக்கு நீங்களே திருத்திக்கொள்ளலாம். தமிழக அரசின் தனியார் துறை வேலை இணையதளத்தில் பதிவது இலவசம், அங்கேயும் ஏற்றுங்கள்.

போன் நம்பர் இரண்டு கொடுங்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலையடிவாரத்தில் டவர் கிடைக்காது. இரண்டாவது நம்பர் வீட்டில் யாருடையதோ அவர்களிடம், கம்பெனியிலிருந்து கூப்பிடுவார்கள், பெயரும் நேரமும் கேட்டு எழுதிவையுங்கள் என்று சொல்லிவிடுங்கள். 04344 என்று தொடங்கும் அழைப்பு ஓசூர் லேண்ட்லைன், 080 என்றால் பெங்களூரு. தெரியாத நம்பர் என்று கட் பண்ணிவிடாதீர்கள்.