வெட்டும்போது சரியாகத்தான் இருந்தது

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை வீடியோவில் கூப்பிட்டாள். மடியில் அவளுடைய மூன்று வயதுப் பெண். குழந்தையின் நெற்றி முடி புருவத்துக்கு இரண்டு விரல் மேலே, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி, குத்திட்டு நின்றது. "அக்கா, வெட்டும்போது சரியாத்தான் இருந்துச்சு" என்றாள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதே வார்த்தையை நான் என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கப்புறம் என் இரண்டு பிள்ளைகளுக்கும், நாத்தனார் பிள்ளைகளுக்கும், எங்கள் காம்பவுண்டில் இருக்கும் நாலைந்து குழந்தைகளுக்கும் நான்தான் முடி வெட்டுகிறேன். புதிதாகக் கத்தரி எடுக்கும் ஒவ்வொரு அம்மாவும் அப்பாவும் நான் விழுந்த அதே குழியில் விழுவதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. கூர்மையான கத்தரி வாங்குங்கள், குழந்தையை ஆடாமல் உட்கார வையுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். கவனமாக இருப்பவர்களும் செய்கிற தவறுகளைச் சொல்கிறேன்.

ஈரத் தலையில் நெற்றி முடியை வெட்டுவது

என் பெண்ணுக்கு அப்போது இரண்டரை வயது. மறுநாள் என் தம்பிக்கு நிச்சயதார்த்தம். நெற்றி முடி கண்ணில் விழுகிறதே என்று, குளிப்பாட்டி முடித்த கையோடு முக்காலியில் உட்கார வைத்தேன். ஈரத்தில் முடி படிந்து, நேராக, அழகாக நின்றது. சீப்பால் கீழே இழுத்துப் பிடித்து, புருவத்துக்குச் சரியாக ஒரே கோடாக வெட்டினேன். அரை மணி நேரம் கழித்துத் தலை காய்ந்தது. கோடு நெற்றியின் நடுவில் இருந்தது. அவளுக்கு முன் நெற்றியில் ஒரு சுழி உண்டு. ஈரமாக இருக்கும்போது படுத்திருந்த அந்த இடம் காய்ந்ததும் எழும்பி நின்றுவிட்டது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. இடது பக்கம் கொஞ்சம் நீளமாகத் தெரிந்தது, அதைக் குறைத்தேன். இப்போது வலது பக்கம் நீளமாகத் தெரிந்தது. அதையும் குறைத்தேன். நிச்சயதார்த்த ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் அவள் ஹேர்பேண்டோடு இருக்கிறாள். ஹேர்பேண்ட் நழுவிய ஒரு படத்தைத்தான் என் மாமியார் வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். இப்போது பதினோரு வயதில் அதைப் பார்த்து "ஏம்மா எனக்கு இப்படி வெட்டுனீங்க?" என்று கேட்கிறாள். எனக்கு இன்னமும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

இது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொண்டால் பாதித் தவறு போய்விடும். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளை வடிவத்தில் பிடித்து வைப்பதில் ஹைட்ரஜன் பிணைப்புகளுக்குப் பங்கு உண்டு. தண்ணீர் பட்டால் அவை விட்டுக்கொடுக்கும், காய்ந்தால் திரும்பச் சேரும். அதனால் நனைந்த முடி உலர்ந்த முடியைவிட எளிதாக நீண்டு கொடுக்கும். நன்றாக இழுத்தால் 30 சதவீதம் வரைகூட அறுந்துவிடாமல் நீளும். சீப்பின் இழுப்பு அவ்வளவு வலுவானது இல்லை, சரி. ஆனால் அதோடு வேறு இரண்டும் சேர்கின்றன. ஒன்று, ஈரத்தில் தெரியாமல் போகிற சுருள். லேசான அலை உள்ள முடிகூடக் காயும்போது மேலே சுருங்கும், நல்ல சுருட்டை முடியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இரண்டு, வேர் நிற்கும் திசை. நெற்றி ஓரத்து முடி பல குழந்தைகளுக்கு முன்பக்கமோ பக்கவாட்டிலோ எழும்பித்தான் முளைக்கிறது. ஈரத்தின் எடை அதை அமுக்கி வைத்திருக்கும், காய்ந்ததும் விட்டுவிடும். மூன்றும் சேர்ந்தால் ஒரு சென்டிமீட்டர் சாதாரணமாக மேலே போய்விடும். ஆறு சென்டிமீட்டர் நீளமே உள்ள நெற்றி முடியில் ஒரு சென்டிமீட்டர் என்பது பெரிய கணக்கு.

இன்னொன்றும் இருக்கிறது, இதை நான் கண்டுபிடிக்கவே ஒரு வருடம் ஆனது. கத்தரி முகத்துக்குக் கிட்டே வந்தால் குழந்தை கண்ணை இறுக மூடும். அப்போது புருவம் கீழே இறங்கிவிடும். நாம் அந்தப் புருவத்தை அளவாக வைத்து வெட்டுகிறோம். கண்ணைத் திறந்ததும் புருவம் பழைய இடத்துக்குப் போகிறது, அளவு அங்கேயே தவறிவிடுகிறது. அதனால் புருவத்தை அளவாக வைக்காதீர்கள். மூக்குத் தண்டு தொடங்கும் இடத்தை வையுங்கள், அது அசையாது.

"பார்லரில் தண்ணீர் தெளித்துத்தானே வெட்டுகிறார்கள்?" என்று தங்கை கேட்டாள். ஆமாம். ஆயிரம் தலை பார்த்தவர்கள் எவ்வளவு சுருங்கும் என்று கண்ணாலேயே கணக்குப் போட்டு நீளமாக விடுவார்கள், காயவைத்து மறுபடி ஒரு முறை சரிபார்ப்பார்கள். நமக்கு அந்தக் கண் இல்லை.

நான் இப்போது செய்வது இதுதான். முதல் நாள் தலைக்குக் குளித்து நன்றாகக் காய்ந்த முடி. உச்சியிலிருந்து முன்பக்கம் வந்து, நெற்றி ஓரத்துக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் பின்னால் ஒரு புள்ளி. அங்கிருந்து இரண்டு புருவங்களின் வெளிமுனைக்கு நேராக வகிடு எடுத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். அந்த முக்கோணத்துக்குள் இருப்பது மட்டுமே நெற்றி முடி. மற்றதெல்லாம் கிளிப் போட்டு ஒதுங்கட்டும். இந்த எல்லையைத் தாண்டிக் காது பக்கத்து முடியையும் சேர்த்து வெட்டியதுதான் தங்கை செய்த இரண்டாவது பிழை. காதுக்கு முன்னால் அப்படி வெட்டுப்பட்ட முடி வளர்ந்து சடையில் சேர எத்தனையோ மாதம் ஆகும்.

முக்கோணத்தை இழுக்காமல், சும்மா விழுகிறபடி விட்டு, விரலிடுக்கில் மெதுவாகப் பிடியுங்கள். கத்தரியைப் படுக்க வைத்து ஒரே கோடாக வெட்டாமல், நுனி முடியை நோக்கி மேலே பார்க்கிற மாதிரி நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்துங்கள். இப்படி வெட்டினால் ஓரம் கோடாகத் தெரியாது, சின்ன ஏற்றத்தாழ்வும் மறைந்துவிடும். உங்கள் இன்னொரு கை எப்போதும் கத்தரிக்கும் குழந்தையின் கண்ணுக்கும் நடுவில் இருக்கட்டும். முதல் சுற்று மூக்குத் தண்டு வரைக்கும்தான். அப்புறம் குழந்தையை இறக்கிவிட்டு ஓடி விளையாடவிடுங்கள். திரும்பி வரும்போது முடி இயல்பாக எங்கே விழுகிறதோ அதைப் பார்த்து இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்று வேண்டாம். "இந்தப் பக்கம் மட்டும் லேசா" என்று கை போகும் பாருங்கள், அந்தக் கையை அடக்குங்கள். ஒவ்வொரு முறையும் அரை சென்டிமீட்டர் என்று ஐந்து முறை சரிசெய்தால் இரண்டரை சென்டிமீட்டர் போய்விட்டது. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர், கொஞ்சம் கூடப்போனால் ஒன்றேகால்தான் வளரும். ஐந்து நிமிடத்தில் செய்ததற்கு இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

கெடுத்துவிட்ட பிறகு செய்கிற தவறு ஒன்றும் உண்டு. "பேசாம மொட்டை போட்டுடு, அடர்த்தியா வளரும்" என்று வீட்டில் யாராவது பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். வேண்டுதல் இருந்தால் பழனிக்கோ சமயபுரத்துக்கோ போய் முடி இறக்குங்கள், அது வேறு விஷயம். அடர்த்திக்காக இறக்காதீர்கள். முடி முளைப்பது தோலுக்குள் இருக்கும் வேர்ப்பையில், மேலே சிரைப்பது அதற்குத் தெரியாது. மெல்லிய நுனி போய், வெட்டிய தட்டையான முனை வளர்வதால் தடித்த மாதிரி தோன்றும், அவ்வளவுதான். அமெரிக்காவில் மில்ட்ரெட் டிராட்டர் என்பவர் 1928-லேயே முகச் சவரத்தை ஆராய்ந்து, சிரைப்பதால் முடி வளர்ச்சி மாறுவதில்லை என்று எழுதிவிட்டார். தங்கையிடம் ஆறு வாரம் பக்கவாட்டில் கிளிப் போட்டு விடு, கத்தரியைத் தொடாதே என்று மட்டும் சொன்னேன்.

எண்ணெய் வைத்த தலை

நம் வீடுகளில் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். ஞாயிற்றுக்கிழமை காலை அந்தத் தலை சுத்தமாக, உலர்ந்து இருக்கும். வெட்டுவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆனால் அதற்குள் யாராவது கை நிறையத் தேங்காயெண்ணெய் வைத்துப் படிய வாரிவிட்டிருப்பார்கள். எண்ணெய்த் தலையில் முடி கற்றை கற்றையாக ஒட்டிக்கொள்ளும். முடி வெட்டும் மெஷினின் சீப்பில் அடைத்துக்கொண்டு, ஒரு இடம் வெட்டி ஒரு இடம் விடும். குளித்துக் காய்ந்ததும் தலை பூராவும் திட்டுத் திட்டாகத் தெரியும்.

எண்ணெய் என்றதும் இன்னொன்று. மெஷின் பிளேடுக்குத் தேங்காயெண்ணெய் விடாதீர்கள். மார்கழிக் குளிரில் உறைந்து பிளேடைப் பிடித்துக்கொள்ளும். தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

மெஷினில் சின்ன நம்பரில் தொடங்குவது

மேலே மாட்டும் சீப்பில் 1 என்றால் 3 மில்லிமீட்டர், 2 என்றால் 6, 3 என்றால் 10, 4 என்றால் 13. முடி வெட்டும் மெஷின்களில் பெரும்பாலும் இதுதான் கணக்கு. தாடி டிரிம்மரில் எண்கள் வேறு மாதிரி இருக்கும், அதனால் எண்ணைப் பார்க்காமல் மில்லிமீட்டரைப் பாருங்கள். 4-ல் தொடங்கி இறங்குங்கள். 2-ல் தொடங்கியவர்களால் மேலே ஏற முடியாது.

நாத்தனார் பையனுக்குக் காதோரம் சரிசெய்ய சீப்பைக் கழற்றினேன். அப்போது குக்கர் விசில் அடித்தது, எழுந்து போய் வந்தேன். வந்தவள் சீப்பை மாட்டாமலே பின்மண்டையில் மெஷினை வைத்துவிட்டேன். பிடரியிலிருந்து மேலே ஒரு விரல் அகலத்துக்கு வெறும் தோல். அன்று அந்தப் பையனுக்கு முழுத்தலையும் ஒட்ட வெட்டவேண்டி வந்தது. அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் மெஷினைத் தலையில் வைக்கும் முன் கட்டைவிரலால் சீப்பைத் தடவிப் பார்க்கிறேன்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பிளேடை உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். ஓட ஓடச் சூடேறும். அடுத்த முறை மெஷினைக் கண்டாலே குழந்தை அலறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுழியை மறப்பது

"ரெட்டைச் சுழி, ரெண்டு கல்யாணம்" என்று பாட்டிகள் சொல்வதற்காகவாவது எல்லோரும் சுழியை எண்ணி வைத்திருப்போம். வெட்டும்போது மறந்துவிடுவோம். உச்சிச் சுழியைச் சுற்றி முடியை இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம் விட்டுவையுங்கள். அதற்கும் குறைந்தால் முள் மாதிரி நிமிர்ந்து நிற்கும், எண்ணெய் வைத்தாலும் படியாது. முழுத்தலையும் ஒட்ட வெட்டுவதானால் பிரச்சினை இல்லை.

போனை மடியில் கொடுப்பது

அசையாமல் இருக்கும், உண்மைதான். ஆனால் தலை குனிந்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். சாய்ந்த தலையில் நேராக வெட்டிய கோடு, நிமிர்ந்ததும் சாய்கோடு. போனைக் கண் மட்டத்தில் ஒரு டப்பா மேல் நிறுத்துங்கள்.

"முடி வெட்டலாம் வா"

கத்தி வெட்டினால் ரத்தம் வரும், வெட்டினால் வலிக்கும் என்று அந்தக் குழந்தைக்கு நாம்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அதே வார்த்தையைச் சொல்லிக் கத்தரியோடு பக்கத்தில் போனால் அது எப்படி வரும்? என் சின்னவன் இரண்டு வயதில் இதற்காகவே அழுதான் என்று பிறகுதான் புரிந்தது. "முடி குறைக்கலாம்" என்று மாற்றிச் சொன்னேன். "வலிக்காது" என்ற வார்த்தையையும் விட்டுவிட்டேன், வலியை ஞாபகப்படுத்துவதே அதுதான். மெஷினை இரண்டு நாள் முன்னாலிருந்தே ஓட விட்டு, என் கையில் வைத்துக் காட்டி, அவன் கையிலும் பின்பக்கத்தை வைத்தேன். மூன்றாம் நாள் அவனே ஸ்விட்சைப் போட்டான்.

தூங்கும்போது வெட்டுவது

கூடவே கூடாது. திடுக்கிட்டு எழும் குழந்தைக்குக் கத்தரி எங்கே இருக்கிறது என்று தெரியாது.

தலையில் கட்டியோ செதில் திட்டோ இருந்தால்

அன்று வேண்டாம். முடி கொட்டி வட்டமாகச் செதில் இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம், மெஷின் வழியாக அடுத்த பிள்ளைக்கும் போகும். முதலில் டாக்டர்.

பவுடர்

கழுத்தில் ஒட்டிய முடியைத் தட்ட பவுடரைக் கொட்டாதீர்கள். பறக்கும் பவுடரைக் குழந்தை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்கு நல்லதல்ல. உலர்ந்த பழைய வேட்டித் துணியால் மேலிருந்து கீழே துடைத்து, நேராகக் குளியலறைக்குத் தூக்கிப் போங்கள்.

பாதியில் நிறுத்தத் தயங்குவது

அழ ஆரம்பித்தால் "இன்னும் கொஞ்சம்தான்" என்று இறுக்கிப் பிடித்து முடிப்பவர்கள்தான் அதிகம். இறுக்கிப் பிடிக்கிற தலைதான் திமிறும், காது மடல் வெட்டுப்படுவது அப்போதுதான். நான் பாதியில் நிறுத்திவிடுவேன். சின்னவனுக்கு ஒரு முறை ஞாயிற்றுக்கிழமை வலது பக்கம் மட்டும் முடிந்தது. திங்கட்கிழமை அவன் கிட்டேயே வரவில்லை. செவ்வாய்க்கிழமை முடியைத் தொடக்கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார். ஒரு பக்கம் குட்டை, ஒரு பக்கம் நீளமாகவே மூன்று நாள் அங்கன்வாடிக்குப் போய் வந்தான். புதன்கிழமை சாயங்காலம் அவனாகவே முக்காலியை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.