புக்கெட் கடற்கரைக்கு முதல் முறை போகிறீர்களா? இந்த வரிசையில் தயாராகுங்கள்

நம்மில் நிறையப் பேருக்குக் கடல் என்றால் மெரினாவில் பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு அலையில் நிற்பதுதான். நீச்சல் தெரியாது, ஆனால் கடல் பழகியது என்ற நினைப்பு மட்டும் இருக்கும். அதே நினைப்போடு தாய்லாந்தின் புக்கெட் தீவுக்கு முதல் வெளிநாட்டுப் பயணம் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். டிக்கெட், ஹோட்டல் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கடலில் இறங்குவதைப் பற்றி யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை.

படி 1: முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

பட்டோங், கரோன், கட்டா, கமலா என்று பேர்போன கடற்கரைகள் எல்லாம் தீவின் மேற்குப் பக்கம், அந்தமான் கடலைப் பார்த்தபடி இருக்கின்றன. நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. கேரளாவில் மழையைக் கொட்டும் அதே பருவக்காற்றுதான் இந்தக் கரைகளிலும் நேராக வந்து மோதுகிறது. அந்த மாதங்களில் அறை வாடகை நன்றாக இறங்கும், பேக்கேஜ்காரர்களும் ஆசையாகக் கூப்பிடுவார்கள். போகக் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் குளிப்பதற்கு ஹோட்டல் நீச்சல் குளம், சுற்றிப் பார்க்கப் புக்கெட் பழைய நகரம், கடல் பார்ப்பதற்கு மட்டும் என்று மனதைத் தயார் செய்துகொண்டு போங்கள். படகில் போய்ப் பார்க்கும் சிமிலன் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடியே வைத்திருப்பார்கள்.

படி 2: காகிதங்கள்

2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் எல்லோரும் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பினால் போதும். கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளத்தைப் பார்த்தால் உடனே மூடிவிடுங்கள், அது அரசுத் தளம் இல்லை. விசா விதி அடிக்கடி மாறுவதால், டிக்கெட் போடும் முன் தூதரகத் தளத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். இ-சிகரெட் அங்கே சட்டவிரோதம், பையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

படி 3: விமான நிலையத்திலிருந்து கடற்கரைக்கு

விமான நிலையம் தீவின் வடக்கு முனையில் இருக்கிறது. பட்டோங்குக்குக் கிட்டத்தட்ட 35 கிலோமீட்டர். டாக்ஸி கூப்பிடும் கிராப் அல்லது போல்ட் செயலியை ஊரிலேயே போனில் ஏற்றிக்கொண்டு போனால், டாக்ஸிக்காரர்களிடம் பேரம் பேசத் தேவையில்லை. அவசரம் இல்லாதவர்களுக்கு மேற்குக் கரையோரமாகப் போகும் ஸ்மார்ட் பஸ் மலிவு. பலரோடு சேர்ந்து போகும் பங்கு வேனில் ஏறினால் நடுவழியில் ஒரு டூர் அலுவலகத்தில் நிறுத்தி, 'நாளைக்கு எங்கே போகிறீர்கள்?' என்று அன்பாகக் கேட்பார்கள். சிரித்துவிட்டு உட்கார்ந்திருங்கள். அங்கே எதுவும் வாங்க வேண்டாம்.

ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு (பாட் என்பது தாய்லாந்துப் பணம்) மேல் கட்டணம் பிடிக்கும். அதனால் சிறிது சிறிதாக எடுக்காமல் ஒரே தடவையில் எடுத்துவிடுங்கள். 'ரூபாயில் கணக்கிடவா, பாட்டில் கணக்கிடவா?' என்று திரை கேட்டால் பாட் என்பதையே அழுத்துங்கள்.

படி 4: கொடியைப் பார்க்காமல் தண்ணீரில் கால் வைக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

சிவப்புக் கொடி என்றால் இறங்கவே கூடாது. சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகள் நட்டிருந்தால், அந்த இரண்டுக்கும் நடுவில் மட்டும் குளிக்கலாம். அங்கேதான் உயிர்காப்பாளர்களின் கண் இருக்கும்.

ஒரு ஜூன் மாதம் கரோனில் நான் கண்ணால் பார்த்தது. சிவப்புக் கொடி படபடத்துக்கொண்டிருக்கிறது. அதற்குப் பத்தடி தள்ளி ஒரு குடும்பம், கைகோத்தபடி இடுப்பளவுத் தண்ணீரில். அப்பாவின் தோளில் ஒரு சின்னப் பெண். அவர்கள் நின்ற இடத்தில் மட்டும் அலை உடையவில்லை, அதனால் அதுதான் பத்திரமான இடம் என்று நினைத்திருக்கிறார்கள். உயிர்காப்பாளர் விசில் ஊதிக்கொண்டே ஓடிவந்தார். அவர்கள் திரும்பி நடந்தபோது ஒவ்வொரு அடிக்கும் காலடி மணல் சரிந்து அவர்களைப் பின்னுக்கு இழுத்தது. கரை ஏறிய அந்த அம்மாவுக்குக் கை நடுக்கம் நிற்கவே இல்லை.

அலை உடையாத அந்த அமைதியான பட்டைதான் ரிப் கரண்ட். கரைக்கு வந்து மோதிய தண்ணீர் திரும்பிப் போக ஒரு பாதை தேடும். மணல் பள்ளமாக இருக்கும் இடம் வழியாக அத்தனை தண்ணீரும் ஒன்றாகக் கடலுக்குள் பாயும். இரண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவில் கொஞ்சம் கருத்தோ மணல் கலங்கியோ வழுவழுப்பாகத் தெரியும் பட்டை. கரையில் நின்று ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்தால் உங்களுக்கே பிடிபடும்.

அதில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தாதீர்கள். நல்ல நீச்சல்காரரும் களைத்துப்போவார். அது உங்களை அடியில் இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். மல்லாந்து மிதந்து, ஒரு கையைத் தூக்கி ஆட்டுங்கள். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து அலையோடு கரை சேருங்கள். நீச்சல் தெரியாதவர்கள் முழங்கால் அளவுக்கு மேல் போகவே வேண்டாம்.

ஜெல்லி மீன் கொட்டினால் மணல் போட்டுத் தேய்க்காதீர்கள், குடிநீரும் ஊற்றாதீர்கள். குறைந்தது அரை நிமிடம் வினிகர் ஊற்ற வேண்டும். சில கடற்கரைகளில் இதற்காகவே கம்பத்தில் வினிகர் பாட்டில் வைத்திருப்பார்கள். மூச்சு விடச் சிரமப்பட்டால் 1669க்கு அழையுங்கள், அது ஆம்புலன்ஸ்.

கரையோரத் தெருக்களில் சுனாமியின்போது எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று காட்டும் பலகைகள் இருக்கும். 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்தை அடித்த அதே சுனாமி இங்கேயும் அடித்தது. உங்கள் ஹோட்டலுக்குப் பக்கத்துப் பலகை எந்தத் தெருவைக் காட்டுகிறது என்று முதல் நாளே பார்த்து வையுங்கள்.

படி 5: படகுப் பயணம்

பீ பீ தீவுகளும் மாயா விரிகுடாவும்தான் எல்லோர் பட்டியலிலும் இருக்கும். மாயா விரிகுடாவில் நீந்த அனுமதி இல்லை. பவளப்பாறைகள் அழிந்ததால் 2018இல் மூடி, 2022 தொடக்கத்தில்தான் மறுபடி திறந்தார்கள். பவளத்தைக் கெடுக்கும் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்த சன்ஸ்கிரீனுக்குத் தேசியக் கடற்பூங்காக்களில் தடை இருக்கிறது. வாங்கும்போதே பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

படகில் ஏறியதும் லைஃப் ஜாக்கெட்டை மாட்டி வாரை இறுக்குங்கள். குழந்தைக்கு அதன் அளவில் ஒன்று கேட்டு வாங்குங்கள், இல்லை என்றால் இறங்கிவிடுங்கள். 2018 ஜூலை 5 அன்று மோசமான வானிலையில் புக்கெட் அருகே ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 47 பேர் இறந்தார்கள். காற்று பலமாக இருக்கும் நாளில் முன்பணம் போனாலும் போகட்டும், கரையிலேயே இருங்கள்.

படி 6: ஸ்கூட்டரும் ஜெட் ஸ்கீயும்

அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுவார்கள். அதனால் நமக்குத் தைரியம் வந்துவிடும். ஆனால் பட்டோங் மலைப்பாதையின் இறக்கம் புதியவர்களுக்கு ஆகாது. நம் ஊர் ஆர்டிஓவில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாமல் விபத்து நடந்தால், பயணக் காப்பீடும் கைவிட்டுவிட வாய்ப்பு அதிகம்.

ஸ்கூட்டரோ, தண்ணீரில் ஓட்டும் ஜெட் ஸ்கீயோ, வாடகைக்கு எடுக்கும் முன் அதைச் சுற்றி ஒரு வீடியோ எடுங்கள். நான் ஸ்கூட்டரைத் திருப்பிக் கொடுத்தபோது, சைலன்சர் மேல் இருந்த பழைய கீறலுக்கு 3,000 பாட் கேட்டார்கள். போனை எடுத்து வீடியோவைக் காட்டியதும் பேச்சு நின்றது. அடமானமாகப் பாஸ்போர்ட் கேட்டால் கொடுக்காதீர்கள், நகல் போதும் என்று சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த கடை. தகராறு முற்றினால் சுற்றுலா போலீஸ் எண் 1155.

படி 7: சாப்பாடு

சைவம் சாப்பிடுவோருக்கு: காய்கறி மட்டும் என்று சொன்னாலும் மீன் சாஸ் விழுந்துவிடும். அதற்கு ஒரே சொல், 'ஜே'. தாய்லாந்து மொழியில் சுத்த சைவம் என்று அர்த்தம். அப்புறம், இங்கேயும் ஒரு கொடி உண்டு. மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து கட்டியிருக்கும் கடையில் மீன் சாஸும் இல்லை, முட்டையும் இல்லை. பூண்டு, வெங்காயம்கூடப் போட மாட்டார்கள்.